யார் உண்கிறார்? திருவிருந்து குறித்த சீர்திருத்தச் சபைகளின் வாதங்கள்: ஒரு மறுவாசிப்பு

1. பட்டியலின் போதாமை

திருவிருந்து பற்றிய இறையியல் பாடம் பெரும்பாலும் ஒரு பட்டியலில் முடிந்துவிடுகிறது. அப்பமும் இரசமும் கிறிஸ்துவின் உடலும் இரத்தமுமாகவே மாறிவிடுகின்றன என்பர் கத்தோலிக்கர். அப்பம் அப்பமாகவே இருக்க, அதனோடு கிறிஸ்துவின் உடலும் இருக்கிறது என்பர் லுத்தரன் சபையார். விசுவாசி ஆவியினால் கிறிஸ்துவை உண்கிறார் என்பது கால்வின் மரபு. வெறும் நினைவுகூரல்தான் என்பது சுவிங்லியின் கட்சி. நிறைகுடத்தில் தொடங்கிக் காலிக்குடத்தில் முடிவதுபோல இந்த நான்கும் வரிசையாக நிறுத்தப்படுகின்றன. தேர்வெழுத வசதியான ஏற்பாடுதான். ஆனால் வரலாற்றுக்கு இது நியாயம் செய்வதில்லை.

முதலாவது, இதில் உள்ள பெயர்களே எதிராளிகள் ஒட்டியவை. லுத்தரன் கொள்கைக்கு வழங்கிவரும் ‘இணை இருப்பு’ என்ற முத்திரையை லுத்தரன் விசுவாச அறிக்கைகள் எங்கும் ஏற்றதில்லை. அப்பத்தில், அப்பத்தோடு, அப்பத்தின் கீழ் என்று மூன்று வேற்றுமைகளையும் அடுக்கிவிட்டு, எப்படி என்ற கேள்விக்கு அவை விடை சொல்லாமல் நின்றுகொண்டன. இரண்டாவது, மறுஞானஸ்நானக்காரர் எனப்பட்ட தீவிரச் சீர்திருத்தவாதிகளுக்கு இந்தப் பட்டியலில் இடமே கிடைப்பதில்லை. திருவிருந்தை அயலாருக்காக உயிரையும் தருவதாகச் செய்துகொள்ளும் உறுதிமொழி என விளக்கிய பால்தசார் ஹூப்மையர் 1528இல் வியன்னாவில் எரிக்கப்பட்டார். அவரை எந்தக் கட்டத்தில் வைப்பது?

மூன்றாவது குறைதான் இக்கட்டுரைக்கு முக்கியம். பட்டியல் கேட்பது ஒரே கேள்வி: அப்பத்தில் என்ன இருக்கிறது? பதினாறாம் நூற்றாண்டின் வாதங்களைக் கூர்ந்து படித்தால் அதற்குப் பின்னால் வேறு இரு கேள்விகள் இருப்பது தெரியும். உயிர்த்தெழுந்த கிறிஸ்துவின் மனித உடல் இப்போது எங்கே இருக்கிறது என்பது ஒன்று. விசுவாசமோ தகுதியோ இல்லாதவர் பந்தியில் வாங்கும்போது அவர் உண்பது எதை என்பது மற்றொன்று. ஐரோப்பாவில் சபைகளைப் பிரித்தது முதற்கேள்வி. தமிழ் மண்ணில் சபைகளைக் குலுக்கியதோ இரண்டாவதன் ஒரு கிளை. அந்தக் கிளைக்கும் அப்பத்தைப் பற்றிய கொள்கைக்கும் இருந்த உறவு நாம் எதிர்பார்ப்பதற்கு நேர் எதிராக அமைந்துவிட்டது என்பதே இங்கு வைக்கப்படும் வாதம்.

2. மார்பர்க்கில் நடந்தது

சீர்திருத்தத்தின் தொடக்கத்தில் திருவிருந்துச் சண்டை உரோமையோடுதான் இருந்தது. 1415இல் கான்ஸ்டன்ஸ் சங்கம் பொதுமக்களுக்குப் பாத்திரத்தை மறுத்தது. செக் சீர்திருத்தவாதி யான் ஹுஸ் எரிக்கப்பட்டதும் அதே சங்கத்தில், அதே ஆண்டில். நூறு ஆண்டுகள் கழித்து, 1520இல், லூத்தர் ‘திருச்சபையின் பாபிலோனியச் சிறையிருப்பு’ என்ற நூலில் மூன்று குறைகளைச் சுட்டினார்: பாத்திரத்தைப் பறித்தது, அப்பத்தின் சாரம் மாறுகிறது என்பதைக் கட்டாயக் கோட்பாடாக்கியது, பூசையைக் கடவுளுக்குச் செலுத்தும் பலி ஆக்கியது. இதுவரை சுவிங்லிக்கும் அவருக்கும் பேதமில்லை.

பேதம் டச்சு வழக்கறிஞர் கார்னேலிஸ் ஹூனின் ஒரு கடிதத்திலிருந்து வலுப்பெற்றது. கடைசி இராவுணவில் இயேசு அப்பத்தைக் காட்டித் தம் உடல் என்று சொன்னபோது, ‘குறிக்கிறது’ என்ற பொருளில்தான் சொன்னார் என ஹூன் வாதிட்டார். 1525இல் சுவிங்லி அதை அச்சிட்டார். அடுத்த நான்கு ஆண்டுகள் துண்டுநூற் போர். பேரரசனுக்கு எதிராகச் சீர்திருத்த நாடுகளை ஓரணியில் திரட்ட விரும்பிய ஹெஸ்ஸே சிற்றரசர் பிலிப், 1529 அக்டோபர் தொடக்கத்தில் இருதரப்பையும் மார்பர்க்கிலுள்ள தம் கோட்டைக்கு அழைத்தார்.

முதல் நாள் ஏற்பாடு சாமர்த்தியமானது. சூடானவரோடு சாந்தமானவரைச் சோடி சேர்த்தார்கள்: லூத்தரும் பாசல் நகரத்து எக்கோலம்பாடியுஸும் ஓர் அறையில், சுவிங்லியும் லூத்தர் தரப்பு மெலாங்க்தனும் இன்னோர் அறையில். மறுநாள் பொது அமர்வு. பேச்சு தொடங்குமுன் லூத்தர் மேசை மேல் சுண்ணக்கட்டியால் இயேசுவின் அந்த வாசகத்தை நான்கு இலத்தீன் சொற்களில் எழுதி, விரிப்பால் மூடி வைத்தார். வேதத்தில் ஆதாரம் காட்டும்படி எதிர்த்தரப்பு வற்புறுத்தியபோது விரிப்பை விலக்கிக் காட்டினார். இந்தச் சம்பவத்தை லூத்தரின் பிடிவாதத்துக்குச் சான்றாகவே பலர் எடுத்துச் சொல்வர். அவருடைய வாதத்தின் பாதி மட்டுமே அதில் இருக்கிறது.

மறுபாதி விண்ணேற்றத்தைப் பற்றியது. கிறிஸ்து விண்ணேறிப் பிதாவின் வலப்பக்கத்தில் இருக்கிறார். மனித உடல் என்றால் அதற்கு ஓர் இடம் வேண்டும். ஆகவே அது ஒரே நேரத்தில் ஆயிரம் பீடங்களில் இருக்க முடியாது என்றார் சுவிங்லி. மாம்சத்தால் பயனில்லை எனச் சொல்லும் யோவான் ஆறாம் அதிகாரம் அவருடைய கேடயம். லூத்தருக்குக் கடவுளின் வலப்பக்கம் என்பது தங்க நாற்காலி போட்ட ஓர் இடம் அல்ல. எங்கும் செயல்படும் இறைவல்லமையின் பெயர். கிறிஸ்துவில் கடவுள்தன்மையும் மனிதத்தன்மையும் பிரிக்க முடியாதபடி இணைந்திருக்க, கடவுள் இருக்கும் இடத்தில் அந்த மனிதன் இல்லையென்றால் அந்த இணைப்புக்கு என்ன பொருள்?

இருவரும் காக்க முனைந்தது ஒரே பொருளைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது: கடவுள் மெய்யாகவே மனிதரானார் என்பதை. மனிதத்தன்மை விலகிய வெறும் தெய்வத்தை நெருங்கவே லூத்தர் அஞ்சினார். அவருடைய கடவுள் பெத்லகேமின் தொட்டிலிலும் சிலுவையிலும் மட்டுமே அஞ்சாமல் அணுகத்தக்கவர். சுவிங்லியின் அச்சம் வேறு. எங்கும் பரவிய உடல் நம்முடைய உடலைப் போன்றதல்ல. அப்படியானால் உயிர்த்தெழுந்தது நம் மாம்சமும் அல்ல, நம் உயிர்த்தெழுதலுக்கு அதில் உறுதியும் இல்லை. இதை ‘நேர்ப்பொருள் எதிர் உருவகம்’ என்று சுருக்கினால் இரண்டு தரப்பும் கோமாளிகளாகிவிடுகின்றனர்: ஒருவர் அணியிலக்கணம் தெரியாதவர், மற்றவர் விசுவாசமே இல்லாதவர்.

முடிவில் பதினைந்து உடன்பாட்டுக் கூறுகள் எழுதப்பட்டன. பதினான்கில் ஒற்றுமை. பதினைந்தாவதான திருவிருந்திலும் ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஒற்றுமை: அப்பமும் பாத்திரமும் இரண்டுமே எல்லாருக்கும் உரியவை, பூசை பலியன்று, ஆவிக்குரிய உண்ணலே ஒவ்வொருவருக்கும் முதன்மையானது. உடல் அப்பத்தில் மெய்யாக இருக்கிறதா என்ற ஒன்று மட்டும் தீரவில்லை. கொள்ளைநோயாக ‘வியர்வைக் காய்ச்சல்’ ஊருக்குள் வந்துவிட்டதால் எல்லாரும் அவசரமாகப் புறப்பட்டனர். சகோதரனாக ஏற்றுக்கொள்ளுமாறு சுவிங்லி கண்ணீரோடு கேட்டும் லூத்தர் இணங்கவில்லை. இரண்டு ஆண்டுகளில் கப்பெல் போர்க்களத்தில் சுவிங்லி இறந்தார்.

பட்டியல் மறைத்துவிடும் இன்னொரு காட்சி சுவிங்லியின் சூரிக்கில் இருக்கிறது. 1525 ஏப்ரலில், பெரிய வியாழனன்று, அங்கே புதிய முறையில் முதல் திருவிருந்து நடந்தது. பொன்னும் வெள்ளியும் விலக்கப்பட்டன. மரத்தட்டுகளும் மரக்கிண்ணங்களும் வந்தன. மக்கள் இருந்த இடத்திலேயே அமர்ந்திருக்க, புளிப்பில்லா அப்பம் கைக்குக் கை மாறியது. ஒவ்வொருவரும் பிட்டுக்கொண்டு அடுத்தவரிடம் கொடுத்தனர். அப்பம் கிறிஸ்துவின் உடலாகவில்லை, கூடியிருக்கும் சபையே அவர் உடலாகிறது என்பதுதான் அச்சடங்கின் உட்கிடை என்று இக்கால ஆய்வாளர் பலர் வாசிக்கின்றனர். இந்த வாசிப்பை நான் ஏற்கிறேன், ஒரு நிபந்தனையோடு: ஆண்டுக்கு நான்கே முறை நடந்த ஒரு சடங்கு அவ்வளவு பெரிய சுமையைத் தாங்கியிருக்குமா என்ற ஐயம் எழாமலில்லை.

3. கால்வினின் நடுப்பாதையும் குளிர்காலக் கப்பலும்

கால்வின் சமரசக்காரர் என்று பெயரெடுத்திருக்கிறார். உண்மையில் அவர் சுவிங்லியின் இடக்கணக்கை ஏற்றுக்கொண்டு, லூத்தரின் பசியையும் விடாமல் வைத்துக்கொண்டவர். கிறிஸ்துவின் உடல் விண்ணில்தான் இருக்கிறது; ஆனால் தூய ஆவி தூரத்தை வெல்லும். கிறிஸ்து அப்பத்துக்குள் இறங்கி வருவதில்லை, விசுவாசிகள் அவரிடம் உயர்த்தப்படுகின்றனர். 1559இல் வெளிவந்த ‘கிறிஸ்தவ சமயப் போதனை’யின் இறுதிப் பதிப்பில், இந்த இணைப்பை விளங்கிக்கொள்வதைவிட அனுபவிக்கவே முடிகிறது என்ற கருத்தில் அவர் எழுதியிருக்கிறார். தர்க்கத்துக்குப் பேர்போன ஒருவரின் இந்த ஒப்புதல் கவனிக்கத்தக்கது. வாரந்தோறும் திருவிருந்து நடக்க வேண்டும் என்று அவர் விரும்பினார். ஜெனீவா நகர மன்றம் ஆண்டுக்கு நான்கு முறையோடு நிறுத்திவிட்டது.

1549இல் சூரிக்கின் புல்லிங்கரோடு கால்வின் செய்த உடன்படிக்கை சுவிட்சர்லாந்தை ஒன்றாக்கியது, லுத்தரன் ஜெர்மனியை முற்றாக அந்நியமாக்கியது. ஹாம்பர்க்கின் யோவாகிம் வெஸ்ட்ஃபால் 1552இலிருந்து எழுதிய கண்டனங்களின் சூடு மறுஆண்டே மனிதர்கள் மேல் பட்டது. இங்கிலாந்தில் கத்தோலிக்க மேரி அரியணை ஏறியதும், இலண்டனில் இருந்த அகதிச் சபையை யான் லாஸ்கி கப்பலில் அழைத்துக்கொண்டு வெளியேறினார். டென்மார்க் மன்னன் இடம் தரவில்லை. பால்டிக் கரையின் லுத்தரன் நகரங்கள் அடுத்தடுத்துக் கதவை மூடின. கடுங்குளிரில், பெண்களும் குழந்தைகளுமாக, திருவிருந்துக் கொள்கையில் தவறியவர்கள் என்ற காரணத்துக்காக அவர்கள் துறைமுகம் துறைமுகமாக அலைந்தனர். கடைசியில் எம்டன் நகரம் இடம் கொடுத்தது. ஓர் இறையியல் நுட்பம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

4. தகுதியற்றவர் வாயில் என்ன?

இனி இரண்டாவது கேள்வி. பாடநூல்கள் இதை அடிக்குறிப்பில் தள்ளிவிடுகின்றன. வாதிட்டவர்களுக்கோ இதுதான் உரைகல்லாக இருந்தது. விசுவாசமில்லாத ஒருவர் வந்து அப்பத்தை வாங்குகிறார். அவர் கிறிஸ்துவின் உடலை உண்கிறாரா?

ஆம், உண்கிறார், தமக்கு ஆக்கினையாக உண்கிறார் என்பது லூத்தரின் உறுதியான விடை. காரணம் எளிது. உடல் அங்கே இருப்பது கிறிஸ்துவின் வார்த்தையால்; கொடுப்பவரின் பக்தியாலும் அல்ல, வாங்குபவரின் விசுவாசத்தாலும் அல்ல. என் விசுவாசத்தை நம்பித்தான் கிறிஸ்து வருவார் என்றால், விசுவாசம் தடுமாறும் நாளில் எனக்கு ஆறுதல் எங்கே? கடுமையாகத் தெரியும் இந்தக் கொள்கை, பலவீனமான மனச்சாட்சிக்காகவே வகுக்கப்பட்டது.

கால்வின் மரபின் விடை மறுதலை. கிறிஸ்துவை உண்ணும் வாய் விசுவாசம். அது இல்லாதவர் அப்பத்தை மட்டுமே உண்கிறார். 1536இல் விட்டன்பர்க்கில் தென்ஜெர்மானிய நகரங்களின் சார்பில் மார்ட்டின் பூசர் ஒரு சாமர்த்தியம் செய்தார்: ‘தகுதியற்றவர்’ மெய்யாகவே உடலைப் பெறுகின்றனர் என்று எழுதச் சம்மதித்தார், ‘விசுவாசமற்றவர்’ பற்றி மௌனம் காத்தார். அந்நகரங்கள் அந்த மெல்லிய இடைவெளியில் நுழைந்து லூத்தரோடு ஒப்பந்தம் செய்துகொண்டன. 1577இன் லுத்தரன் இணக்க அறிக்கை அந்த இடைவெளியையும் அடைத்துவிட்டது.

ஆங்கிலிக்கன் சபையில் இதே கேள்வி அரசியலாகவும் இருந்தது. துன்மார்க்கர் கிறிஸ்துவின் உடலை உண்பதில்லை எனச் சொல்லும் இருபத்தொன்பதாம் விதி 1563இல் அச்சாகாமல் நிறுத்திவைக்கப்பட்டு, போப்பு அரசி எலிசபெத்தைச் சபைநீக்கம் செய்த மறுவருடம், 1571இல், சேர்க்கப்பட்டது. அதற்கு முன்பே அவர்களுடைய செபப்புத்தகம் இன்னொரு வேடிக்கை செய்திருந்தது. அப்பத்தைக் கொடுக்கும்போது குரு சொல்ல வேண்டிய வாசகம் 1549இல் உடலைப் பற்றியது. 1552இல் நினைவுகூர்ந்து உண்பதைப் பற்றியது. 1559இல் இரண்டையும் ஒட்டிவிட்டார்கள். முழந்தாளிட்டிருப்பவர் தமக்கு வேண்டிய பாதியைக் கேட்டுக்கொள்ளலாம். இதை இறையியல் கோழைத்தனம் என்பாரும் உண்டு. லாஸ்கியின் கப்பலை நினைத்துக்கொண்டு படிக்கும்போது எனக்கு அப்படிச் சொல்ல மனம் வரவில்லை.

விசுவாசிக்கு மட்டுமே விருந்து என்றால் விசுவாசியை எப்படி அறிவது? இந்தக் கேள்வியிலிருந்து ஒரு நிர்வாகமே முளைத்தது. ஸ்காட்லாந்தில் மூப்பர்கள் வீடுவீடாகச் சோதித்து, தகுதி பெற்றவருக்கு ஈய வில்லை ஒன்றைக் கொடுத்தனர். அதைக் காட்டினால்தான் பந்தியில் இடம். அமெரிக்காவில் நார்தாம்ப்டன் சபையின் சாலமன் ஸ்டாடர்ட் திருவிருந்தே மனமாற்றத்தைத் தரக்கூடும் என்று பந்தியைத் திறந்துவிட்டார். அவர் பேரனும் அமெரிக்காவின் தலைசிறந்த இறையியலாளருமான ஜொனதன் எட்வர்ட்ஸ் அதை மீண்டும் மூட முயன்றார். 1750இல் சபையார் அவரை வேலையிலிருந்து நீக்கினர். ஸ்டாடர்டின் வழியில்தான் ஜான் வெஸ்லியும் நின்றார்: தேடுகிறவனுக்கும் இங்கே இடமுண்டு.

5. தமிழ் மண்ணில்: 1833உம் பிறகும்

1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கும் புளூட்ஷாவும் லுத்தரன் குருமார். அவர்களுக்குப் பின் தஞ்சாவூரில் உழைத்த சுவார்ட்சும் லுத்தரன்தான். ஆனால் அவருக்குச் சம்பளம் கொடுத்தது இலண்டனில் இருந்த ஓர் ஆங்கிலிக்கன் சங்கம். 1820களில் அச்சங்கத்தின் தென்னிந்தியச் சபைகள் இன்னோர் ஆங்கிலிக்கன் சங்கத்துக்குக் கைமாறின. லுத்தரன் போதகர் ஞானஸ்நானம் கொடுத்து வளர்த்த தஞ்சை, வேப்பேரிச் சபைகள் ஆங்கிலிக்கன் பேராயரின் அதிகாரத்தின்கீழ் வந்தன.

இங்கே ஓர் எதிர்மறைச் சான்றைக் கவனிக்க வேண்டும். ஐரோப்பாவில் அகதிகளைக் கடலில் அலையவிட்ட அந்தக் கொள்கை வேறுபாடு, இந்தக் கைமாற்றத்தின்போது மக்களிடையே பெரிய கலகம் எதையும் கிளப்பவில்லை. கலகம் வந்தது வேறொன்றால். 1833 ஜூலையில் கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன் தென்னிந்தியச் சபைகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பினார்: சாதி வேறுபாடு சபைக்குள் உறுதியாக, உடனடியாக, இறுதியாக ஒழிய வேண்டும். எதை ஒழிக்கச் சொன்னார் என்பதற்கு அவர் தந்த விவரங்கள் இறையியல் ஆவணங்களை விடக் கூர்மையானவை. சாதியார் கோவிலில் தனித்தனிப் பக்கம் அமர்கின்றனர். திருவிருந்துக்குத் தனித்தனி வேளையில் வருகின்றனர். முன்பு தனிப் பாத்திரமே இருந்தது, இல்லாவிட்டால் தாழ்த்தப்பட்டோர் பருகத் தொடங்குமுன் உபதேசியார் மூலம் பாத்திரத்தை மாற்றவைத்தனர். கான்ஸ்டன்ஸ் சங்கம் பறித்த பாத்திரத்தைத் திருப்பிக் கொடுப்பது சீர்திருத்தத்தின் முதல் கோரிக்கைகளுள் ஒன்று. அதே பாத்திரம் இங்கே பாதிப் பந்தியில் மாற்றி வைக்கப்பட்டது.

தஞ்சையிலும் வேப்பேரியிலும் வேளாளக் கிறிஸ்தவர் பலர் ஆலயத்தை விட்டு வெளியேறினர். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் எதிர்ப்பின் குரலாக நின்றார். அவர் அடுக்கிய கொடுமைகள் நான்கு: வேதமொழிபெயர்ப்பைத் திருத்தியது, சாதிகளை ஒன்றாகக் கலக்க வற்புறுத்தியது, திருநாட்களில் பூவை நீக்கியது, வழிபாட்டிலிருந்து தமிழ்க் கீர்த்தனைகளை விலக்கியது. இன்று நமக்கு இதில் மூன்று பண்பாட்டு உரிமையாகவும் ஒன்று மட்டும் சாதிவெறியாகவும் தெரிகிறது. அவருக்கு நான்கும் ஒரே துணியின் இழைகள். அதை மறந்து அவரைப் பாராட்டுவதும் தவறு, பழிப்பதும் எளிது.

1840களில் ஜெர்மனியிலிருந்து வந்த லுத்தரன் மிஷன், பின்னாளில் லைப்சிக் மிஷன் எனப்பட்டது, பழைய தரங்கம்பாடிப் பணியை ஏற்றது. அதன் பின்னணி முக்கியமானது. பிரஷ்ய மன்னர் 1817இல் லுத்தரன், கால்வினியச் சபைகளை ஒரே பந்தியில் அமர்த்த முயன்றார். திருவிருந்துக் கொள்கை நீர்த்துவிடும் என்று அதை எதிர்த்த இறுக்கமான லுத்தரன் எழுச்சியிலிருந்து பிறந்த மிஷன் இது. கால்வினியரோடு பந்தியில் அமர மறுத்த அம்மரபு, சாதி பார்ப்பவரைப் பந்தியிலிருந்து விலக்கத் தயங்கியது. அதன் இயக்குநர் கார்ல் கிரால் 1849 முதல் சில ஆண்டுகள் இந்தியாவில் சுற்றி, தமிழும் கற்று, சாதி ஒரு சமூக ஏற்பாடு, சுவிசேஷம் அதை உள்ளிருந்து மெல்லக் கரைக்கும் என்று வாதிட்டார். ஆங்கிலிக்கன் ஒழுங்கை விட்டு வெளியேறியவர் பலர் லுத்தரன் நிழலில் ஒதுங்கினர்.

நியாயமாக ஒரு மறுப்பை இங்கே கேட்க வேண்டும். கிராலின் நிலைப்பாடு திருவிருந்துக் கொள்கையிலிருந்து வந்ததல்ல. ஆவிக்குரிய ஆட்சியும் உலக ஆட்சியும் வேறு என்ற லூத்தரின் மற்றொரு போதனையிலிருந்து வந்தது. வில்சனின் கண்டிப்புக்குப் பின்னாலும் சுவிசேஷம் மட்டுமல்ல, ஆளும் இனத்தின் பேராயர் என்ற தோரணையும் இருந்தது. இரண்டும் உண்மை. ஆனால் அவை என் வாதத்தை வலுப்படுத்தவே செய்கின்றன. அப்பத்தில் கிறிஸ்துவின் உடல் வாய்க்கு எட்டும்படி இருக்கிறது என்று மிக அழுத்தமாகச் சொன்ன சபை, அந்த அப்பத்தை யார் பக்கத்தில் இருந்து வாங்குவது என்பதை உலகக் காரியமாக ஒதுக்கிவைக்க முடிந்தது. அதைவிட மென்மையான கொள்கை உடையவர்களே பந்தியை ஒன்றாக்க முனைந்தனர். கொள்கையின் உயரத்திலிருந்து நடைமுறையை ஊகிக்க முடியாது.

இன்னும் வியப்பான சான்று 1847க்கும் 1850க்கும் இடையில் கிடைக்கிறது. அமெரிக்க மதுரை மிஷன் தன் ஊழியரைச் சோதிக்க ஒரு பொது விருந்து வைத்தது. சாதி பாராமல் சேர்ந்து உண்ண மறுத்தவர் சபையிலிருந்து நிறுத்தப்பட்டனர். 1850இல் சென்னையில் கூடிய மிஷனரிகளும், தாழ்த்தப்பட்டவர் சமைத்ததை உண்பதே சாதியை விட்டதற்கு அடையாளம் என்று தீர்மானித்தனர். லைப்சிக் மிஷன் அதில் சேரவில்லை. இவர்கள் சோதனைக்கு ஏன் திருவிருந்தையே பயன்படுத்தவில்லை? பயன்படாது என்று அறிந்திருந்தனர். ஒரு துணுக்கு அப்பத்தையும் ஒரு மிடறு இரசத்தையும் யாரும் சாப்பாடாகக் கருதவில்லை. தீட்டு விதிகள் சாப்பாட்டுக்குத்தான். சாக்கிரமந்து உணவிலிருந்து அவ்வளவு தூரம் விலகிப் போயிருந்ததால், சபை ஒன்றா என்று பார்க்க இரண்டாவதாக ஒரு விருந்தைச் சமைக்க வேண்டியிருந்தது.

6. கொரிந்து: எந்த உடல்?

இந்த விலகலின் தொடக்கத்தைத் தேடினால் பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் பதினொன்றாம் அதிகாரத்துக்குப் போக வேண்டும். தகுதியற்றவர் உண்பது பற்றிய வாதங்கள் அனைத்தும் சாய்ந்து நிற்கும் பகுதி அது. அங்கே நடந்த தவறு என்ன? ஜெர்மானிய ஆய்வாளர் கெர்ட் டைசன் 1970களில் எழுதிய கட்டுரைகள் இதைச் சமூகவியல் கண்ணோடு பார்த்தன. வசதியுள்ளவர் வீட்டில் சபை கூடுகிறது. வேலை முடிந்து தாமதமாக வரும் ஏழைகளும் அடிமைகளும் பசியோடு நிற்க, முன்னதாக வந்தவர் தம் சொந்த உணவை உண்டு குடித்து முடித்துவிடுகின்றனர். பவுலின் கோபம் அங்கேதான் மூள்கிறது.

அப்படியானால் உடலை நிதானித்து அறியாதவர் தமக்கு ஆக்கினையை உண்கிறார் என அவர் இருபத்தொன்பதாம் வசனத்தில் சொல்லும்போது, எந்த உடலைச் சொல்கிறார்? தமிழ்ப் பழைய மொழிபெயர்ப்பில் அது கர்த்தருடைய சரீரம். மிகப் பழைய கையெழுத்துப் படிகளிலோ ‘கர்த்தருடைய’ என்ற அடை இல்லை. வெறுமனே உடல் என்றே இருக்கிறது. அதிகாரம் பத்தில் ஒரே அப்பத்தில் பங்குபெறும் பலரை ஒரே உடல் என்று அழைத்தவர், அதிகாரம் பன்னிரண்டில் சபையையே உடலாக வருணிக்கப்போகிறவர், இடையில் அதே சொல்லை வைத்திருக்கிறார். அப்பத்தை வெறும் அப்பம் என்று எண்ணுவது மட்டுமே குற்றம் என்று வாசிப்பது முழுமையாகாது. பக்கத்தில் பசியோடு நிற்பவரைக் காணாதிருப்பதும் அதே குற்றம். இரண்டையும் பவுல் பிரித்துப் பார்க்கவில்லை என்பதே பொருத்தமான வாசிப்பு. மார்பர்க்கில் இந்த வசனத்தை இருதரப்பும் அறிந்திருந்தனர். ஏழைகளின் தாமதம் யாருக்கும் வாதப்பொருளாகவில்லை.

7. ஒற்றுமைகளும் ஒரே உலையும்

ஐரோப்பா தன் சண்டையை 1973 மார்ச்சில் முடித்துக்கொண்டது. லுத்தரன், கால்வினிய, ஐக்கியச் சபைகள் சுவிட்சர்லாந்தின் லாயன்பர்க்கில் ஏற்ற உடன்படிக்கை, திருவிருந்து, கிறிஸ்துவின் இருதன்மை, முன்குறிப்பு ஆகிய மூன்றிலும் பழைய சாபங்கள் இன்றைய சபைகளுக்குப் பொருந்தா என்று அறிவித்துப் பந்தியைத் திறந்தது. முதல் இரண்டும் அருகருகே வந்ததே சண்டை அப்பத்தைப் பற்றியது மட்டுமன்று என்பதற்கு ஒப்புதல்.

தென்னிந்தியா அதற்கு முன்பே வேறு வழியில் போனது. 1947 செப்டம்பர் 27 அன்று சென்னைத் தூய ஜார்ஜ் பேராலயத்தில் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரெஸ்பிட்டேரியன், கான்கிரிகேஷனல் மரபுகள் தென்னிந்தியத் திருச்சபையாக ஒன்றாயின. கிறிஸ்து அப்பத்தில் எவ்வாறு இருக்கிறார் என்று வரையறுக்கும்வரை காத்திருக்கவில்லை. 1950இல் வெளியான அதன் திருவிருந்து ஒழுங்கில், சிரியன் கிறிஸ்தவரிடமிருந்து பெற்ற சமாதான முத்தம் இடம்பெற்றது: மேசையிலிருந்து தொடங்கிக் கைக்குக் கை சமாதானம் சபை முழுக்கக் கடத்தப்படும். தொடுவதே வழக்காக இருக்கும் ஊரில் இது சிறு சைகை. தொடக்கூடாது என்பது சட்டமாக இருந்த ஊரில் அப்படியல்ல. லுத்தரன் சபைகள் இந்த ஒன்றிப்பில் சேரவில்லை. பின்னர் இருதரப்பும் நெடுநாள் பேசித் திருவிருந்து குறித்து ஒத்த கருத்தும் எட்டின, இணைப்பு மட்டும் நிகழவில்லை. தடையாக நின்றது அப்பம் அல்ல.

மதுரைத் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணியாற்றிய தியோபிலஸ் அப்பாவு, பறட்டை என்று அறியப்பட்டவர், 2005இல் மறைந்தார். கிராமிய இசையில் வழிபாட்டு முறை அமைத்த அவருடைய இறையியலின் மையத்தில் ‘ஒரே உலை’ இருந்தது: ஒரே பானையில் சமைத்து ஒன்றாக உண்பதே திருவிருந்தின் பொருள். சூரிக்கின் மரத்தட்டு, மதுரை மிஷனின் சோதனை விருந்து, கொரிந்தின் பசித்தவர் ஆகிய மூன்றையும் அவர் ஒரே இடத்தில் கொண்டுவந்து சேர்த்துவிட்டார். சோதனைக்காகத் தனியாகச் சமைத்த விருந்தையும் சாக்கிரமந்தையும் மறுபடி ஒன்றாக்கினார் என்றும் சொல்லலாம்.

லூத்தரின் பக்கத்திலிருந்து இதற்கு ஓர் ஆட்சேபம் உண்டு. திருவிருந்தின் பொருள் நாம் சேர்ந்து உண்பதில் இருக்கிறது என்றால், நாம் சேர்ந்து உண்ணாத இடத்தில் அது பொருளிழந்துவிடும். கிறிஸ்து நம் நடத்தைக்குக் கட்டுப்பட்டவராகிவிடுவார். தன் அயலானோடு உலை வைக்காத சபையில் நடப்பது வெறும் சடங்கு, அங்கே கிறிஸ்து இல்லை என்று சொல்லிவிட்டு நாம் நகர்ந்துவிடலாம். கேட்க நியாயமாக இருந்தாலும், அது சாதி பார்ப்பவனுக்கு ஒரு சலுகை: அவன் உண்பது வெறும் அப்பம்தானே.

விட்டன்பர்க்கின் பழைய, கடினமான போதனை அந்தச் சலுகையைத் தருவதில்லை. தகுதியற்றவர் வாயிலும் இருப்பது மெய்யான உடல். பாத்திரத்தை மாற்றவைத்தவர் உதட்டில் பட்டதும், அவருக்குப் பின் காத்திருந்தவர் உதட்டில் பட்டதும் ஒரே இரத்தம். ஒருவருக்கு அது ஆக்கினையாக, மற்றவருக்கு ஆறுதலாக. தஞ்சை வெளியேற்றத்தாரை ஏற்ற லைப்சிக் குருமார் இந்தப் போதனையை மனப்பாடமாக அறிந்தவர்கள். பறட்டையின் உலையோடு இதைச் சேர்த்து வாசிக்கும் ஒரு தமிழ் லுத்தரன் இறையியல் எழுதப்பட வாய்ப்பிருந்தது. 1850இல் அவர்கள் கையெழுத்திட மறுத்த தீர்மானத்துக்கு அவர்களுடைய சொந்த விசுவாச அறிக்கையிலேயே வலுவான ஆதாரம் இருந்தது. அந்தப் பக்கத்தை அவர்கள் கால்வினியருக்கு எதிராக மட்டுமே திறந்தனர்.